அவிழ்த்துவிட்ட கயிறு

"தீவுல யார் முதல்ல கால் வைக்கிறாரோ அவர்தான் ஜெயிச்சவர். தோத்தவர் ஜெயிச்சவரோட படகுக்கு அடிப்பக்கம் சுரண்டிப் பெயின்ட் அடிக்கணும். சரிதானே மச்சான்?" என்றான் ஆல்டனின் மைத்துனன் மெர்ல்.

மூன்று வருஷமாக இந்தப் பாய்ப்படகுப் பந்தயத்தில் தோற்றுச் சுரண்டுகிறவர் ஆல்டன். இந்த முறையும் பாதி வழியிலேயே மெர்லுடைய பாய்ப்படகு அவர் முதுகுக்குப் பின்னால் நெருங்கிவிட்டது.

எல்லாம் பின்னால் கட்டி இழுத்துவரும் துடுப்புப் படகால்தான். பாதி வேகத்தை அதுவே தின்றது. மனைவி டார்கஸ் காபி எடுக்கக் கீழே இறங்கியதும், ஆல்டன் கயிற்றை அவிழ்த்துவிட்டார். திரும்பும்போது பொறுக்கிக்கொண்டால் போயிற்று.

பாய்ப்படகு பிய்த்துக்கொண்டு பறந்தது. பாறைக் கரைக்கு எட்டத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, "ஜெயிச்சாச்சுடி!" என்று கத்தினார்.

டார்கஸ் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"சரி, எதுல ஏறிக் கரைக்குப் போவீங்க?"

ஆல்டன் தண்ணீரில் விரலை விட்டார். விட்ட வேகத்தில் எடுத்தார். அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடல் ஆகஸ்ட்டிலும் ஐஸ்தான்.

கால் மணி நேரத்தில் மெர்லும் வந்து நங்கூரம் போட்டான்; ஒரு சின்னப் படகில் துடுப்புப் போட்டபடி அவர்களைக் கடந்து கரைக்குப் போனான்.

"உங்க படகுதான் மச்சான்! வழியில அனாதையா மிதந்துச்சு. நல்லவேளை, என்னோடதை வீட்லயே மறந்துட்டு வந்துட்டேன். கரைக்கு எப்படிப் போறதுன்னு முழிச்சுக்கிட்டே வந்தேன்!"