லெட்டர் இருந்தால்தான் உள்ளே

"லெட்டர் இருக்கா தாயி?"

கேட்டின் குறுக்கே கையை நீட்டி நின்றார் வாட்ச்மேன் வீரணன். இருபது வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். ராஜபாளையம் சத்திரப்பட்டி ரோட்டில் இருக்கும் அந்த பேண்டேஜ் துணிக் கம்பெனிக்குள், முதலாளி லெட்டர் இல்லாமல் முதலாளியின் மச்சினனைக்கூட விடமாட்டார்.

"நீ போன வாரமும் வந்த புள்ளதான? அதுக்கு முந்துன வாரமும் வந்த."

"ஆமா அண்ணாச்சி. ரெண்டு தடவயும் வெரட்டி விட்டிய. இப்ப லெட்டரோட வந்துருக்கேன்."

நாகஜோதி பிரிண்ட் எடுத்த தாளை நீட்டினாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்ததில் தாளின் ஓரம் வேர்வையில் நனைந்திருந்தது. வீரணன் ஒரு வரி விடாமல் படித்தார். 'மெயில் சர்வர் வேலைக்காக வியாழன் காலை பத்து மணிக்கு நேரில் வரவும். ஹரிகிருஷ்ணன், நிர்வாக இயக்குநர்.'

"மேல மொதலாளி மெயில் அட்ரஸ் இருக்கு. சரி, போ தாயி. மொத மாடி."

மாடியில் முதலாளி ஹரிகிருஷ்ணன் கத்திக்கொண்டிருந்தார்.

"மூணு நாளா ஒரு மெயில் போகலேங்குற. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஆர்டருக்கு நம்ம சம்மதம் போய்ச் சேரலேன்னா ஜெர்மனிக்காரன் வேற ஆளப் பாத்துருவான். அறுபது தறிய நிப்பாட்டிட்டு நானும் நீயும் தாயம் ஆடுவமா?"

"என் சொந்த மெயில்ல இருந்து அனுப்பிப் பாத்தேன் சார். கம்பெனி மெயில்னாத்தான் நம்புவாங்களாம். ஏமாத்துக்காரன்னு நெனச்சுட்டாங்க" என்று இழுத்தார் மேனேஜர் தனுஷ்கோடி.

நாகஜோதி உள்ளே வந்து லெட்டரைக் கொடுத்தாள். படித்ததும் ஹரிகிருஷ்ணன் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

"பரவால்லயே தனுஷ்கோடி! எம்பேர்ல லெட்டர் போட்டு ஆளயும் வரவழைச்சுட்டியே. ஒரு வேலயாவது நேரத்துக்குப் பாத்துருக்க."

பதினெட்டு வருஷத்தில் முதலாளி வாயால் கேட்கும் முதல் பாராட்டு. "ஏதோ நம்மாலானது சார்" என்று தலையைச் சொறிந்தார் தனுஷ்கோடி.

நாகஜோதி சர்வர் முன்னால் உட்கார்ந்தாள். கணவன் பட்டாளத்தில். இந்த வேலை கிடைத்தால் வீட்டிலிருந்து அரைமணி நேர பஸ். கிடைக்காவிட்டால் இரண்டு வயது மகளை விட்டுவிட்டுச் சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்த்தாள்.

"சார், ஒங்க கேட்டுல வீரணன் அண்ணாச்சி இருக்காவ. இதுல அப்படி ஒருத்தரும் இல்ல. எவன் யார் பேர்ல எந்த மெயிலக் குடுத்தாலும் நீ யாருன்னு கேக்காம வாங்கி அனுப்பிவிடுது. போன வாரம் ஒரே நாள்ல நாப்பதாயிரம் போயிருக்கு. லாட்டரியில பரிசு, குண்டு குறைய மாத்திரை, அம்புட்டும் ஸ்பேம்."

"அய்யய்யோ! நம்ம கம்பெனியில இருந்தா?"

"ஆமா. அதான் ஒங்களக் கறுப்புப் பட்டியல்ல சேத்துட்டாங்க. இப்ப நீங்க நெசமா அனுப்புற மெயிலயும் யாரும் வாங்க மாட்டேங்காங்க."

"அடைச்சிர முடியுமாம்மா?"

"அதுக்குத்தான சார் வந்துருக்கேன்."

பதினொன்றரை மணிக்கு அடைத்தாள். இனி கம்பெனி ஆட்கள் பாஸ்வேர்டு போட்டால்தான் மெயில் வெளியே போகும். சரிதானா என்று பார்க்க, தன் செல்போனிலிருந்து யாரோ மாதிரி ஒரு மெயிலை அந்த சர்வரிடம் கொடுத்தாள். 'அனுமதி இல்லை' என்று முகத்தில் அடித்தாற்போல் வந்தது பதில். திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டது அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

தேங்கிக் கிடந்த ஸ்பேமையெல்லாம் அழித்தாள். கறுப்புப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லி விண்ணப்பித்தாள். அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் வேலை. ஹரிகிருஷ்ணன் மூன்று டீ வாங்கி, மூன்றையும் பாதியில் வைத்தார்.

மூன்று மணிக்குப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. உடனே சம்மத மெயில் போனது. நாலேகாலுக்கு ஜெர்மனியிலிருந்து பதில் வந்தது. ஆர்டர் இவர்களுக்கே.

"அடி சக்க!" மேசையைத் தட்டினார் ஹரிகிருஷ்ணன். "அறுபது குடும்பத்துக்கு வேல காப்பாத்திக் குடுத்துட்டம்மா!"

"நான் கூப்புட்ட ஆளு சார்" என்று ஞாபகப்படுத்தினார் தனுஷ்கோடி.

"ஏம்மா நாகஜோதி, நீ வேற எங்கயும் போவேண்டாம். திங்கக்கிழமையே வேலையில சேந்துரு. இன்னிக்கே அப்பாயின்ட்மென்ட் ஆர்டர மெயில்ல அனுப்பிருதேன்."

நாகஜோதிக்குக் கண் நிறைந்துவிட்டது. நன்றி சொல்லிக் கிளம்பியவள், கதவருகே போய்த் தயங்கினாள். தனுஷ்கோடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதலாளியிடம் திரும்பினாள்.

"மறக்காம நீங்களே அனுப்பிருங்க சார். காலையில காட்டுன லெட்டர் மாதிரி, வீட்டுல இருந்துக்கிட்டே ஒங்க பேர்ல எனக்கு நானே அனுப்பிக்கிடலாம்னா, அந்த வழியத்தான் பதினொண்ணரைக்கு அடைச்சுட்டேனே!"