இடது கண்

பகல் பன்னிரண்டு மணி வெயில், கூரைக் கம்பிகளின் நிழலைத் தலைவரின் வழுக்கை மேல் வரிவரியாகப் போடுகிறது. யாரோ அவர் மூக்கை உடைத்ததிலிருந்து சிலையைச் சுற்றி இரும்புக் கூண்டு. ஆள் உள்ளே இருந்தாலும் கதவு பூட்டியே இருக்க வேண்டும் என்பது உத்தரவு. அதனால் சிலையைக் கழுவ வந்த துப்புரவுத் தொழிலாளியையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை விரலில் சுழற்றியபடி வெளியே நிற்கிறான் காவலன். உத்தரவெல்லாம் புறாக்களுக்கு ஏது? எச்சம் காய்ந்து தலைவரின் இடது கண்ணை அப்படியே மூடியிருக்கிறது. அவள் ஏணியின் மேல்படியில் நின்று, அவர் தோளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, புதிதாக ஒட்டிய மூக்கு பெயர்ந்துவிடாமல் பக்குவமாகத் தேய்க்கிறாள். முழங்கையில் வழியும் சோப்புத் தண்ணீர், பீடத்தில் அவர் பிறந்த ஆண்டின் மேல் சொட்டுகிறது. பஸ்கள் உறுமிக்கொண்டு சிலையைச் சுற்றிப் போகின்றன. ஒரு முகமும் நிமிரவில்லை.

"அக்கா, போதும், இறங்குங்க. அடுத்த டூட்டி ஆள் வந்தாச்சு. நீங்க உள்ள இருக்கறவரைக்கும் நான் சாவியக் கைமாத்த முடியாது."

"ஒரு கண்ணு பாக்கி இருக்கு தம்பி."

"நாளைக்குப் பாத்துக்கலாமே!"

"என் முறை இனிமே அடுத்த மாசந்தான். அதுவரைக்கும் ஒத்தக் கண்ணோடவா நிப்பாரு?"

"அவ்வளவு உயரத்துல யாரு அக்கா பாக்கப் போறாங்க?"

அவள் திரும்பவில்லை. நகத்தால் இமையோரத்தைச் சுரண்டி, குவளையில் மிச்சமிருந்த தண்ணீரை மெல்ல ஊற்றுகிறாள்.

"அவங்க பாக்க வேணாம். இவர் பாக்கணும்ல?"