கலங்கிய படம்

இரண்டாவது தடவையும் படம் கலங்கலாகத்தான் வந்தது.

கணக்கு வாத்தியாருக்கு மானம் போயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஸ்கேன் குழாய்க்குள் தலையும் மார்பும் மறையப் படுத்திருப்பவர் அவருடைய அப்பா. வெளியே கால்கள் மட்டும் தெரிந்தன.

ஞாபகம் மங்கியவர்களின் மூளை வருஷத்துக்கு வருஷம் எங்கே, எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்கும் ஆராய்ச்சி. போன வருஷப் படத்தோடு ஒப்பிட இந்த வருஷப் படம் வேண்டும். தலை லேசாக அசைந்தாலும் போச்சு.

"வீட்டு ஆள் குரல் கேட்டா அமைதியா இருப்பாங்க சார்" என்று ஸ்கேன் எடுக்கும் பெண் மைக்கை அவர் பக்கம் நகர்த்தியிருந்தாள். பொத்தானை அழுத்திப் பேசினால் அப்பாவின் ஹெட்போனில் கேட்கும்.

வாத்தியார் கையில் மைக் கிடைத்தால் கேட்கவா வேண்டும்! முப்பது வருஷம் வகுப்பெடுத்த வாய்.

"அப்பா, அசையக் கூடாது, புரியுதா? கண்ணை மூடிக்கணும், சரியா?"

அப்பா வாய் திறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. 'பேசினால் புரிந்துகொள்கிறாரா?' என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். வாத்தியார் யோசிக்காமல் 'இல்லை' என்று எழுதினார். முதியோர் இல்லத்துக்கும் அதையேதான் எழுதிக் கொடுத்திருந்தார். ஊரிலிருந்து போனில் சண்டைக்கு வந்த தம்பியையும் அதைச் சொல்லித்தான் வாயடைத்தார். ஒன்றும் புரியாத மனுஷனுக்கு வீடென்ன, ஹோம் என்ன?

மூன்றாவது தடவை எந்திரம் தடதடத்தது. மறுபடி அதே புரியுதா, அதே சரியா. பிறகு வாத்தியார் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பிப் புலம்பினார்.

"இவருக்கு எதுவும் மண்டையில ஏறாதும்மா. திங்கக்கிழமை ஹோம்ல விட்டுடப் போறேன். வேற என்ன செய்ய? நான் செய்யறது சரிதானே?"

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது படமும் கலங்கல்.

தலையின் அசைவைக் காட்டும் கோடு ஒன்று திரையில் இருந்தது. நேராகப் போய், சட்டென்று ஒரு மேடு. மறுபடி நேராக, மறுபடி ஒரு மேடு.

"நீங்க கேள்வி கேக்குறப்பல்லாம் ஆமான்னு தலையாட்டுறார் சார்."

வாத்தியார் குனிந்து பார்த்தார். மிகச் சின்ன அசைவுதான். வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டேதான் அவர் அப்பாவிடம் எதையும் கேட்பார். பதிலுக்காக ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

புரியுதாவுக்கு ஒரு மேடு, சரியாவுக்கு ஒரு மேடு. முதல் இரண்டு தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவையில் மட்டும், கடைசியில், ஒரு மேடு அதிகமாக இருந்தது.

அது எந்தக் கேள்விக்கு என்று அவர் அந்தப் பெண்ணைக் கேட்கவில்லை. அவருடைய விரல் இன்னும் மைக் பொத்தானை அழுத்தியபடியேதான் இருந்தது. வெட்கத்தில் காது மடல் வரை சுட்டது.

"நீங்க பேசாம இருங்க சார், இன்னொரு தடவை எடுத்துடலாம்" என்றாள் அவள்.

நாலாவது படம் தெளிவாக வந்தது.

உள்ளே போய் அப்பாவை எழுப்பி உட்காரவைத்து, செருப்பை மாட்டிவிட்டார். 'என்னை மன்னிச்சுடுவீங்களாப்பா?' என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது.

அதற்கும் தலையாட்டிவிடுவார் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.