சரிபாதி

அம்மாவின் அறைக் கேமராவை இயக்கிய கையகலக் கணினியின் மெமரி கார்டையும் பாகம் பிரிக்கச் சொன்னான் தைரியநாதன். அவள் சாகுமுன் கடைசியாகப் பேசியதெல்லாம் அதில்தான் இருந்தது.

"முதல்ல காப்பி எடுத்துக்கணும்ண்ணே. எடுக்காம கார்டை ரெண்டாப் பிரிச்சா உள்ள பதிஞ்சதெல்லாம் அழிஞ்சிரும்" என்றான் தம்பி சூசை.

"கதை விடாத. காப்பி எடுத்தா முழு அம்மாவும் உன்கிட்ட இருப்பா. அது நடக்காது. என் கண்ணு முன்னால சரிபாதியா வெட்டுடா."

வீட்டின் நடுவே சுவர் எழுப்பியபோதும் இதே குரல்தான். சூசைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கார்டைக் கணினியில் செருகி வெட்டினான்.

திரையில் இரண்டு பாகங்கள் மயிரிழை பிசகாமல் நின்றன. தைரியநாதன் குனிந்து பார்த்தான்.

"அம்மா எதுலடா இருக்கா?"

"உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல" என்றான் சூசை. "சரிபாதிதானே கேட்ட?"