வாசல் கதவு

சாப்பாட்டு மேசையில் இறந்துபோன கணவரின் லேப்டாப் திறந்திருக்கிறது. அதைத் திரும்ப வாங்கிப்போக வந்திருக்கும் அலுவலகத்துக்காரர், கொடுத்த தண்ணீரைத் தொடாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். அதில் திறந்திருக்கும் அலுவலகப் பக்கங்களை எல்லாம் தானே மூடித் தருவதாக அவள்தான் சொன்னாள். மத்தியான வெயிலில் திரையெங்கும் கணவரின் விரல் ரேகைகள் தெரிகின்றன. அலுவலகத்தில் லீவு கேட்கும் விடுப்புப் பக்கத்தில் ‘வெளியேறு’ என்பதை அழுத்துகிறாள். பக்கம் மூடுகிறது. சரியாக மூடியதா என்று பார்க்க ‘உள்நுழை’யை அழுத்துகிறாள். பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் கணவரின் படம் வந்து நிற்கிறது. மறுபடி வெளியேற்றுகிறாள், மறுபடி வந்து நிற்கிறது. ஹெல்மெட்டை மறந்துவிட்டுத் தெருமுனையிலிருந்து திரும்பி வருகிற மனுஷன்தானே என்று நினைத்துக்கொள்கிறாள். சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. “அது அப்படித்தான் அண்ணி,” என்கிறார் வந்தவர். “நீங்க ஒரு ரூமைத்தான் மூடுறீங்க. எல்லாத்துக்கும் வாசல் கதவு மாதிரி ஒரு மெயின் கணக்கு இருக்கு, அதுல அண்ணன் இன்னும் உள்ளதான் இருக்கார். அங்க வெளியேத்தினாத்தான் எல்லாத்துலயும் போகும்.” “அப்புறம்?” “அப்புறம் பாஸ்வேர்டு கேக்கும்.” அந்த பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியாது. ஃபிரிட்ஜ் உறுமி அடங்குகிறது. வந்தவர் காட்டிய மூலைக்கு அம்புக்குறியைக் கொண்டுபோகிறவள், வழியில் நின்று, ‘உள்நுழை’யை இன்னும் ஒரு தடவை அழுத்துகிறாள். படம் வருகிறது. “முடிஞ்சுதா அண்ணி?” “இதோ, ஆச்சு,” என்கிறாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.