வெட்டுப்பட்ட அழுகை

இது எனக்குச் சொல்லப்பட்ட கதை. நடந்தபோது நான் அங்கே இருக்கவில்லை. சொன்னவர் பத்மநாதன். அஜின்கோர்ட் புறநகரில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் சிறிய தமிழ் வானொலி ஒன்றை நடத்துகிறவர்.

அன்று றிச்சர்ட் வந்த வேகத்தில் ஸ்டூடியோக் கதவு சுவரில் போய் அடித்ததாம்.

"பத்மநாதன் அண்ணை, அம்மாவின்ர பேச்சை ஆர் வெட்டினது?"

றிச்சர்ட்டின் தகப்பன் அல்பேட்டின் முப்பத்தோராம் நாள் நினைவு அந்த ஞாயிறு வர இருந்தது. றிச்சர்ட் இப்படி வந்து நிற்பதற்கு முதல் நாள் தாய் வேரோனிக்கா ஸ்டூடியோவுக்கு வந்து நினைவுரை வாசித்திருந்தார். பதிவை ஓடவிட்டுவிட்டு, ஒரு ஃபோன் அழைப்புக்காகப் பத்மநாதன் வெளியே போயிருந்தார். தொகுத்த பதிவு றிச்சர்ட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தது.

"ஏன் தம்பி, என்ன பிழை?"

"அம்மா நடுவில உடைஞ்சு அழுதவ. நான்தானே கூட்டிக்கொண்டு வந்தனான், பாத்துக்கொண்டு நிண்டனான். அந்த இடத்தையே காணேல்லை! லண்டன், பாரிஸ் எண்டு சொந்தக்காரர் எல்லாரும் கேக்கப் போயினம். மனுசி கல்லு மாதிரி வாசிச்சிட்டுப் போகுது எண்டெல்லோ நினைப்பினம்?"

பத்மநாதன் மூலை மேசையைப் பார்த்தார். அங்கே நிரூபா இருந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். ஒலித்தொகுப்புப் படித்தவள். மூன்று மாதம் வேலையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றுதான் அவளைச் சேர்த்திருந்தார். முடிவு சொல்லவேண்டிய வாரம் அது.

திரையில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் அவளுக்கு வாசித்துச் சொல்லும். ஒரு காதில் அந்தக் கம்ப்யூட்டர்க் குரல், மற்றக் காதில் ஒலிப்பதிவு. மவுஸ் கிடையாது. எல்லாம் கீபோர்ட்தான்.

பேச்சைக் கேட்டு அவள் ஹெட்போன் வயரைக் கழற்ற, அந்தக் குரல் கடகடவென்று ஸ்பீக்கரில் வந்தது.

"உதென்ன, வண்டு இரையிற மாதிரி?" என்றார் றிச்சர்ட்.

"எனக்குத் திரையை வாசிச்சுச் சொல்லுற ஆள் அண்ணை. கொஞ்சம் வாய் கூட."

அப்போதுதான் றிச்சர்ட் அவள் கண்களைக் கவனித்தார்.

"நிரூபா, நீயோ வெட்டினது?" பத்மநாதன் கேட்டார்.

"ஓம் அங்கிள். என்ர பிழைதான். ஸ்கிரீன் ரீடர் சொன்னதை வடிவாக் கேக்காம டிலீட் பண்ணிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை."

"உங்களில பிழையில்லைத் தங்கச்சி. கண் தெரிஞ்ச ஆள் செய்யவேண்டிய வேலையை உங்களிட்டத் தந்தவையில பிழை."

பத்மநாதனுக்கு முகம் சுட்டது. "நானே இருந்து சரிப்படுத்திப் பின்னேரம் அனுப்பிவிடுறன் தம்பி" என்று றிச்சர்ட்டை அனுப்பிவைத்தார்.

பிறகு கதிரையை இழுத்துக்கொண்டு நிரூபாவின் பக்கத்தில் இருந்தார்.

"பிள்ளை, குறை நினையாதை. செத்தவீட்டுக்காரரின்ர மனசு பொல்லாதது. உன்னை வைச்சிருக்கிறது எண்டா நான் இனி யோசிக்கத்தான் வேணும்."

"விளங்குது அங்கிள். ஆனா அந்த இடத்தைத் திருப்பிப் போடமுதல் ஒருக்காக் கேளுங்கோ."

அவர் முதற்பதிவைத் திறந்தார். அந்த இடத்தில், திரையில் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கோடு கிட்டத்தட்ட நேராகக் கிடந்தது. அங்கங்கே சிறு நெளிவுகள்.

"இதில ஒண்டுமில்லையே. மனுசி விம்முறா, அவ்வளவுதானே?"

"கண்ணுக்கு ஒண்டுமில்லைத்தான். சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கோ."

பத்மநாதன் ஹெட்போனை மாட்டினார். கேட்டார். பதிவைப் பின்னால் ஓட்டி இன்னொருமுறை கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்தாள் நிக்கேக்கையே சொல்லியிருக்கலாமே? உன்ர வேலையெல்லோ போகப் பாத்தது!"

"சொன்னா அவருக்கு வெக்கமாப் போயிடும். வெக்கம் பிறகு கோவமா மாறும். அந்தக் கோவம் வீட்ட போய் ஆரில இறங்கும் அங்கிள்? வேரோனிக்கா அன்ரி அவரோடதானே இருக்கிறா."

பின்னேரம் பத்மநாதன் எதையும் தொடாமல், நிரூபா வெட்டிவைத்த அதே பதிவைத் திரும்பவும் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் றிச்சர்ட் ஃபோன் எடுத்தார். பத்மநாதன் ஸ்பீக்கரில் போட்டார்.

"இப்பதான் திறமா இருக்கு அண்ணை! அம்மாவின்ர குரல் தழுதழுக்கிறது வடிவாக் கேக்குது. என்ன இருந்தாலும் கண் தெரிஞ்ச ஆள் செய்யிற மாதிரி வராது."

நிரூபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஃபோனை வைத்ததும், "அங்கிள், நீங்கள் நல்லா எடிட் பண்ணுறியள். பேசாம உங்களை வேலைக்கு வைச்சிருக்கலாம்" என்றாள்.

"வாயைக் குறை. திங்கட்கிழமையும் வா. அதுக்குப் பிறகும் வா."

பத்மநாதன் இவ்வளவுதான் சொன்னார். வெட்டிய இடத்தில் என்ன இருந்தது என்பதை மட்டும் அவர் சொல்ல மறுத்துவிட்டார். தெரியாமல் நான் இதை எழுதமுடியாது என்றேன். நிரூபாவைக் கேள் என்றார். பெயர்களை மாற்றினால் சரி என்று அவள் முதற்பதிவைத் திறந்துவிட்டாள்.

சத்தத்தைக் கூட்டிக் கேட்டேன். வேரோனிக்கா விம்முகிறார். கதவு திறக்கிறது. தூரத்தில் றிச்சர்ட்டின் குரல்:

"உந்த அழுகையை நிப்பாட்டிப்போட்டுக் கெதியா வாசியணை அம்மா. எனக்கு வேலைக்கு நேரமாகுது."