ஹார்ட்லி என்றால்

“ஹார்ட்லி இல்லை, ஹார்ட்” என்று திருத்திவிட்டு அவள் சிரித்தாள்.

திரையில் இருந்த சிறுமி சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மாலை நான்கு மணி. உறையூரில் தன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, சீனப் பிள்ளைகளுக்கு லேப்டாப் வழியே ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது பூங்கோதையின் வேலை. இந்தச் சிறுமி லின். செங்டு நகரம். பதினொரு வயது.

ஐந்து வாரமாக ஒரே தவறு. ‘ஹார்ட்’ என்றால் கடுமையாக. அதோடு ‘லி’ சேர்ந்தால் பொருளே மாறிவிடும். அநேகமாக இல்லை என்றாகிவிடும். கஷ்டப்பட்டுப் படித்தேன் என்று சொல்ல நினைத்து, படிக்கவே இல்லை என்று எழுதுவாள் லின்.

இன்று வந்ததும் அவள் சொன்னது: “மை ஃபாதர் ஈஸ் ஹார்ட்லி ப்ரீதிங்.”

மாடிப்படி ஏறி வந்திருப்பார், அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. பூங்கோதை அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

“நோ, டீச்சர்.” குரல் உடைந்தது. “ஹார்ட்லி.”

லின் லேப்டாப்பைத் திருப்பினாள்.

சோபாவில் ஒருவர் சரிந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது. உதடுகள் நீலம்.

மார்பு அசையவில்லை.

பிறகு, மெல்ல, ஒரே ஒரு முறை.

அம்மா வெளியூரில். வீட்டில் வேறு யாரும் இல்லை.

“ஆம்புலன்ஸுக்குப் பேசு. இப்பவே.”

லின் போனை எடுத்தாள். சீனத்தில் அவள் கத்தியதில் ஒரு சொல்கூட பூங்கோதைக்குப் புரியவில்லை.

கீழிருந்து கணவன் கேட்டான். “கோதை, காபி போடவா?”

“கொஞ்சம் சும்மா இருங்களேன்!”

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த மார்பு இன்னொரு முறை அசைந்தது. நீண்ட நேரம் கழித்து, இன்னொரு முறை.

கதவு இடிபட்டது. சீருடைக்காரர்கள் மூன்று பேர். யாரோ லேப்டாப்பை மூடினார்கள்.

கறுப்புத் திரையில் அவள் முகம் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை லின் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. இரண்டு நாளும் பூங்கோதை ஐந்து மணிவரை காத்திருந்தாள். அனுப்பிய செய்திகளுக்குப் பதில் இல்லை.

அதற்கும் அடுத்த சனிக்கிழமை, சரியாக நான்கு மணிக்கு, லின் வந்தாள். நோட்டைத் திறந்து வைத்திருந்தாள்.

எப்படிக் கேட்பதென்று பூங்கோதைக்குத் தெரியவில்லை.

லின் தானாகவே வாசித்தாள்.

“யெஸ்டர்டே மை ஃபாதர் ஈட் டூ பௌல் நூடுல்ஸ்.”

வாக்கியத்தில் மூன்று தவறுகள்.

“இன்னொரு தடவை வாசி” என்றாள் பூங்கோதை.